நீல நூல் தைத்த குடை

தாவீது வாத்தியார் கடைசியாக வீட்டில் கேட்டது ஊசியும் நூலும்தான். குடையின் ஒரு கம்பி முனையில் துணி விட்டுப்போய், நனைந்த காக்கையின் இறக்கை மாதிரி மடங்கித் தொங்கியது. "ஜெயா, இதக் கொஞ்சம் புடிச்சித் தச்சுக் குடும்மா, நேரமாவுது" என்றார்.

பட்டணத்து டிரெயினிங் பள்ளியிலிருந்து ஆடி மாத லீவுக்கு முந்தின நாள்தான் வந்திருந்த மகள் ஜெயம்மாள் தையல் டப்பாவைத் திறந்தாள். கறுப்பு நூல் தீர்ந்திருந்தது. தறிக்காரர்கள் கழித்துப் போடும் பட்டு நூல் துண்டுகளில் நீலம் ஒன்று கிடந்தது. அதையே கோத்து, கம்பி முனையில் சுற்றித் தைத்து முடிச்சுப் போட்டாள்.

"கறுப்புக் குடைக்கு நீல நூலாம்மா?"

"சாயந்திரம் கறுப்பு வாங்கியாந்து மாத்திடறேம்பா."

"இருந்துட்டுப் போவுது. மேல இருக்கறவருக்கு மட்டுந்தான் தெரியப்போவுது" என்று சொல்லி, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.

உச்சிவேளைக்கு முன்பே அவரை ஜட்காவில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பிள்ளையார்பாளையத்தில் நெசவுக்காரர் தெரு முனையில், குழாயடிக்குப் பத்தடி முன்னால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருந்தார். ஆஸ்பத்திரி டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டுக் கையை மெல்லக் கீழே வைத்தார்.

அழுது முடிப்பதற்குள் கல்வி இலாகாவிலிருந்து காகிதம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் இருப்பது வாத்தியார் வீட்டுக்கு அடுத்த சுவர். பள்ளி நேரத்தில் அதைப் பூட்டிவிட்டு, நெசவுக்காரர் தெருவில் அவருக்கு என்ன வேலை? விழுந்தபோது கக்கத்துப் பையில் வருகைப் பதிவேடு இருந்தது. அன்றைய தேதிக்கு நேரே பாதிப் பிள்ளைகளுக்கு ஆஜர் போட்டிருந்தது. பிள்ளைகளே இல்லாமல் தெருவில் நடந்துகொண்டு ஆஜர் போட்டிருக்கிறார் என்றால், பதிவேடு முழுவதுமே பொய் என்று ஏன் முடிவு செய்யக்கூடாது? பள்ளியின் அங்கீகாரத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது? டிப்டி இன்ஸ்பெக்டர் பாஷ்யம் கேட்டிருந்தார். இறந்தவர் நேரில் ஆஜராகி விளக்கம் சொல்ல வாய்ப்பில்லாததால் வாரிசு சொல்லலாம் என்று பெருந்தன்மையாக ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

அதே வாரத்தில் பட்டணத்திலிருந்து இன்னொரு கட்டு வந்தது. 'நெசவாளர் பிள்ளைகளின் பள்ளி வருகை' என்று ஜெயம்மாள் எழுதிக் கொடுத்த ஆராய்ச்சிக் கட்டுரை. அப்பாவின் பதிவேட்டை நம்பி எழுதியது. டிரெயினிங் பள்ளியின் தலைவி துரைசானி சிவப்பு மையில் ஓரத்தில் எழுதியிருந்தாள்: 'எந்த ஊரிலும் நெசவாளர் பிள்ளைகள் இவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. பதிவேடு தவிர வேறு ஆதாரம் என்ன?'

ஜெயம்மாள் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இருவரும் கேட்டது ஒரே கேள்விதான். துரைசானிக்குப் பதில் சொல்லாவிட்டால் கட்டுரை போகும். இன்ஸ்பெக்டருக்குச் சொல்லாவிட்டால் அப்பாவின் பெயருக்கு எதிரே 'பொய்ப் பதிவு' என்று எழுதி, பள்ளியை இழுத்து மூடுவார்கள்.

ஆவணி பிறந்து, இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்த அன்று காலையில் அவள் ராஜ வீதிக்குப் போனாள்.

கடிகாரம் பழுதுபார்க்கும் கடையின் மாடியில் சக்ரவர்த்தியின் ஆபீஸ். சின்ன காஞ்சிபுரத்து ஐயங்கார். கோர்ட்டில் ஜப்தி அமீனாவாக இருந்து, யார் வீட்டில் எதை எங்கே ஒளிப்பார்கள் என்று கற்றுக்கொண்டு, வேலையை விட்டவர். 'அந்தரங்க விசாரணை' என்று எழுதிய பலகை அறையின் உள்பக்கம் பார்த்தபடி மாட்டியிருந்தது. அந்தரங்கம் என்றால் அது அந்தரங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் மடியில் எப்போதும் ஒரு வெள்ளி மூக்குப்பொடி டப்பா இருக்கும். பொடி போடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் திறந்த டப்பாவை நீட்டுகிறவரிடம் பேச மறுத்தவர்கள் இந்த ஊரில் இல்லை.

அவருடைய உதவியாள் தணிகாசலம் வாசற்படியில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தான். தாமல் ஊர்க்காரன். ஜட்கா ஓட்டுவது அவன் தொழில். வாய்தான் அதைவிட வேகமாக ஓடும்.

"உக்காரும்மா. என்ன காணோம்?" என்றார் சக்ரவர்த்தி.

"ஆதாரம் காணோம் ஐயா."

தணிகாசலம் மென்றதை நிறுத்தினான். "மாடு காணோம்னு வந்துகீறாங்க, மாப்புள காணோம்னு வந்துகீறாங்க. ஆதாரம் காணோம்னு வந்தது நீதாம்மா மொதல்ல. அங்க அடையாளம் சொல்லு. கொம்பு முன்னாடி வளைஞ்சிருக்குமா, பின்னாடியா?"

ஜெயம்மாள் சொன்னாள். ஊசி நூலில் தொடங்கி சிவப்பு மை வரைக்கும் சொன்னாள். சக்ரவர்த்தி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அன்னிக்குப் பாதிதான் ஆஜர் போட்டிருந்ததுன்னயே, மிச்சம்?"

"காலியா இருந்துது."

"பொய் எழுதறவன் பாதியில நிறுத்தமாட்டான். உக்காந்த எடத்துலயே முழுசா எழுதி முடிச்சுட்டு, அகத்துக்குப் போய் மோர் சாப்பிடுவான். சரி, உங்கப்பாவோட என்னென்ன சாமான் திரும்பி வந்தது?"

"மூக்குக் கண்ணாடி. செருப்பு. பை. பையில பதிவேடும் ஒரு சாக்கட்டியும்."

"குடை?"

இத்தனை நாளில் குடையைப் பற்றி ஜெயம்மாள் நினைக்கவேயில்லை. "வரல ஐயா."

"பழைய குடையா?"

"சித்திரையில வாங்கினது. ஆனா தைக்கறப்ப பாத்தேன், துணி கத்திரிக்கா நெறத்துல வெளுத்துப் போயிருந்துது. கடைக்காரன் ஏமாத்திட்டான்னு நெனச்சேன்."

"பள்ளிக்கூடம் வீட்டுக்கு எவ்வளவு தூரம்?"

"பக்கத்துச் சுவர்."

"பக்கத்துச் சுவருக்குப் போவ ஒரு குடை" என்றான் தணிகாசலம். "அதுவும் வெளுத்துப்போற அளவுக்கு. இதுல ரெண்டு விசயந்தான் இருக்க முடியும் சாமி. ஒண்ணு, பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்ல."

"ஓடு போட்ட கூரை இருக்கு" என்றாள் ஜெயம்மாள்.

"அப்ப ரெண்டாவது. அது என்னான்னு சாமி சொல்லுவாரு. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்."

சக்ரவர்த்தி எழுந்து அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டார். "ஆதாரம் எப்படி இருக்கும்னு ஒருத்தருக்கும் தெரியாது. குடை எப்படி இருக்கும்னு தெரியும். குடையைத் தேடுவோம்."

ஜட்கா பள்ளிக்கூடத்து வாசலில் நின்றபோது உள்ளே ஒரே இரைச்சல். பதிவேட்டில் பெயர் உள்ள பிள்ளைகளையெல்லாம் தலையாரியை விட்டுக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் இன்ஸ்பெக்டர். பெரும்பாலான பிள்ளைகள் அந்தக் கட்டிடத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறவர்கள்போல உத்திரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் நாற்காலியில் பாஷ்யம் இருந்தார். ஜெயம்மாள் அந்த நாற்காலியைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டாள்.

"வாரும் ஓய், சக்ரவர்த்தி. நீர் எங்கே இங்கே?"

"ஒரு குடை காணாமப் போச்சு. தேடிண்டு வந்தேன்."

"கல்வி இலாகாவிலே குடை இல்லை" என்றார் பாஷ்யம். ஆனால் பொடி டப்பா திறந்திருந்தது. ஒரு சிமிட்டா எடுத்தார். எடுத்தபின் விரட்ட முடியவில்லை. "நான் நியாயஸ்தன் ஓய். உள்ளதைச் சொல்றேன். இதுகளுக்கு எழுத்து தெரிஞ்சிருக்கு. வாய்ப்பாடு தெரிஞ்சிருக்கு. ஆனா எழுதற அழகைப் பாரும்." பிரம்பால் மேஜையைத் தட்டினார். "எல்லாரும் பேரை எழுதுங்கோ!"

பிள்ளைகள் சிலேட்டுப் பலகைமேல் குனிந்து எழுதினார்கள். முன் இரண்டு வரிசையில் ஒன்றுகூடப் பாக்கியில்லாமல் இடது கையால்.

"பீச்சாங்கை!" என்றான் தணிகாசலம். "ஒரு தெருவுக்கே பீச்சாங்கையா? இவுங்கள்லாம் சாப்பாட்டுப் பந்தியில ஒண்ணா உக்காந்தா பரிமாறுறவன் ஓடிப்போயிடுவான்."

"பின் வரிசை நாலஞ்சு மட்டும் வலது கை. மத்ததெல்லாம் இப்படி. இதை எந்த வாத்தியாராவது பார்த்துண்டு சும்மா இருப்பானா? பள்ளிக்கூடத்திலே உக்காந்து படிச்ச பிள்ளைகள் இல்லை ஓய் இதுகள். எங்கேயோ, யாரோ, எப்படியோ கத்துக் குடுத்திருக்கா. சாயந்திர ரயிலுக்கு முன்னாலே ரிப்போர்ட் எழுதிடுவேன்."

"எங்கப்பா அப்படி விடறவர் இல்ல" என்றாள் ஜெயம்மாள். நினைத்ததைவிடக் குரல் உயர்ந்துவிட்டது. "சின்ன வயசுல நானே இடது கையால பலப்பம் எடுத்தேன்னு விரல்மேல ஸ்கேலால தட்டினவரு."

"கேட்டீரா ஓய்? மகளே சாட்சி" என்றார் பாஷ்யம்.

சக்ரவர்த்தி தணிகாசலத்திடம் கையை நீட்டினார். "உன் கொய்யாப்பழத்தை எடு."

"சாமி, அது குதிரைக்கும் எனக்கும் பொதுவானது."

"எடு."

பழம் ஒவ்வொன்றாக முன் வரிசையை நோக்கிப் பறந்தது. பிடித்த கையெல்லாம் வலது கை. கடிக்க வாய்க்குக் கொண்டுபோனதும் வலது கைதான். ஒரு பையன் மேலே பறந்ததை எழும்பிப் பிடித்தான். அதுவும் வலது கை.

"பிடிக்க வலது. தின்ன வலது. எழுத மட்டும் இடது" என்றார் சக்ரவர்த்தி. "டேய் பசங்களா, உங்காத்துத் தறியிலே என்ன ஓடறது?"

"கோர்வை!" என்றன முன் வரிசைகள் ஒரே குரலில். பின் வரிசையில் ஒரு பெண் எழுந்து, "எங்க வூட்ல கோர்வை போட மாட்டாங்க. ஒரே நாடாத் தறிதான்" என்றது. பக்கத்திலிருந்த மூன்று வலது கைகளும் ஆமாம் என்று தலையாட்டின.

"இது கல்வி இலாகா சம்பந்தப்பட்ட கேள்வியா ஓய்?"

"பட்டு சம்பந்தப்பட்டது. பதிவேட்டிலே உள்ள எல்லாரும் வந்தாச்சா?"

"ஒண்ணு வரலை. கிருஷ்ணவேணின்னு. ஆவணி முகூர்த்தச் சேலை தறியிலே இருக்காம், அனுப்ப முடியாதுன்னுட்டார் தகப்பன். முனிசாமி முதலியார்னு பேர். நான் விசாரிச்சபோது, எங்காத்துப் பிள்ளை பள்ளிக்கூடமே போனதில்லைன்னு அடிச்சுச் சொன்னவரும் அவர்தான்."

சக்ரவர்த்தி மேஜைமேல் இருந்த பதிவேட்டில், அப்பா விழுந்த நாளின் கட்டத்தை விரலால் தேடினார். ஆஜர் போட்ட கடைசிப் பெயரில் விரல் நின்றது. புத்தகத்தைத் திருப்பி ஜெயம்மாளுக்குக் காட்டினார். கிருஷ்ணவேணி.

"ஓய் பாஷ்யம், ஒரு தெரு வரைக்கும் வாரும். ரயில் உமக்காக நிக்கலேன்னா தணிகாசலத்தின் குதிரை துரத்தும்."

"துரத்தும். புடிக்கும்னு சொல்ல மாட்டேன்" என்றான் தணிகாசலம்.

போகும் வழியெல்லாம் அவன் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான். பீச்சாங்கைக்கும் கோர்வைச் சேலைக்கும் என்ன சம்பந்தம்? சேலை கட்டுகிறவள் பீச்சாங்கையா, விற்கிறவன் பீச்சாங்கையா? ஒன்றும் பிடிபடாமல், "எங்குதிரைகூட தினம் வேலைக்கு வந்துக்கினுதான் கீது. அதுக்கு ஆஜர் போட ஆளில்ல" என்று முடித்தான். ஜெயம்மாள் சிரிக்கவில்லை. அப்பாவை ஏற்றி வந்ததும் இதே வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

தெரு முழுக்கத் தறிச் சத்தம். முனிசாமி முதலியார் வீட்டுக் கூடத்தில் அவர் தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அரக்கு நிற உடம்பும் பச்சைக் கரையுமாக முகூர்த்தச் சேலை பாதி வளர்ந்திருந்தது. அவருக்கு வலப்பக்கம், சுவரோரம், பத்து வயதுப் பெண் ஒன்று. ஆண்கள் மூவரும் உள்ளே போனார்கள். ஜெயம்மாளை யாரும் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. எந்தத் தெருவில் எதுவரைக்கும் போகலாம் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். வாசலுக்கு வெளியே நின்றாள்.

"வாங்க சாமி. மன்னிக்கணும், எழுந்திருக்க முடியாது. நூலு அந்து பூடும்" என்ற முதலியாரின் குரலும், பாவின் குறுக்கே நூலைக் கொண்டுபோகும் நாடாவின் சத்தமும் கேட்டன.

"முன்னே கேட்டதை மறுபடி கேக்கறேன்" என்றார் பாஷ்யம். "உம்ம பெண் பள்ளிக்கூடம் போனதுண்டா?"

"இன்னா சாமி, எத்தினி தபா கேட்டாலும் அதேதான். எங்க வூட்டுப் பொண்ணு அந்தக் கட்டடத்துக்குள்ள கால் வெச்சதில்ல. கரைக்கு ஆள் இல்லாம தறி எப்பிடி ஓடும்? கோவில்ல வேணும்னாலும் கற்பூரம் அணைக்கிறேன்."

"போதுமா ஓய், சக்ரவர்த்தி?"

"குடை ஏதாவது கண்ணுல பட்டுதா முதலியாரே?" என்றார் சக்ரவர்த்தி.

முதலியார் பதில் சொல்வதற்குள் வெளியில் நின்ற ஜெயம்மாள் நகர்ந்துவிட்டிருந்தாள். வெயில் தலையைச் சுட்டது. நிழல் தேடி, வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவிலிருந்த சந்துக்குள் ஒதுங்கினாள். அந்தப் பக்கம் வழி அடைத்துப்போன முட்டுச்சந்து. ஒருவரும் நடமாடாத இடம். கூடத்தின் ஜன்னல் அந்தச் சந்தைப் பார்த்து இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏற்கெனவே நிழல் இருந்தது.

குடை விரிந்திருந்தது. அதன் காம்பை ஜன்னல் கம்பியோடு சேர்த்து பாவு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. துணி இப்போது கத்திரிக்காய் நிறமும் போய், சாம்பல் மாதிரி ஆகியிருந்தது. ஒரு கம்பி முனையில் மட்டும் நீலம்.

ஜெயம்மாள் குடைக்குக் கீழே போய் நின்றாள். அங்கே தரையில் இரண்டு பாதம் நிற்கிற அளவுக்குப் புல் முளைக்காமல் இருந்தது. கம்பி வழியாக உள்ளே பார்த்தாள். மூன்றடி தூரத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தது. வலது கை கரை நாடாவைத் தள்ளுகிறது. முதலியார் அதை வாங்கி, உடம்பு நூலோடு கோத்துத் திருப்பி விடுகிறார். வலது கை மறுபடி வாங்குகிறது. இடது கை சும்மா இருந்தது. இடது முழங்கால்மேல் ஒரு பலகை இருந்தது.

"தள்ளி நில்லுக்கா" என்றது அந்தப் பெண் தலையைத் திருப்பாமல். "அது வாத்தியார் நிக்கிற எடம்."

தறிச் சத்தத்தில் தன் குரல் கேட்குமா என்று ஜெயம்மாளுக்குச் சந்தேகமாக இருந்தது. "நான் வாத்தியார் பொண்ணு."

"ஏழாம் வாய்ப்பாடு எழுதி வை, தண்ணி குடிச்சிட்டு வந்து பாக்கறேன்னு சொல்லிட்டுப் போனாரு. எழுதி வெச்சுட்டேன்." பலகையை இடது கையால் தூக்கிக் காட்டியது. ஓரமெல்லாம் மங்கியிருந்தது. நடுவில் ஏழாம் வாய்ப்பாடு அப்படியே இருந்தது. "அவர் பாக்கறதுக்கு மின்னாடி நான் அழிக்க மாட்டேன்."

"ஐயா!" என்று கூப்பிட்டாள் ஜெயம்மாள். "ஐயா, குடை இங்க இருக்குது."

உள்ளே நாலு தலைகள் ஜன்னல் பக்கம் திரும்பின. சக்ரவர்த்தி அவளையும் குடையையும் பார்த்தார். பிறகு பாஷ்யத்தைப் பார்த்துச் சொன்னார்:

"கோர்வைன்னா உடம்புக்கு ஒரு நாடா, கரைக்கு வேற நாடா. தறிக்காரர் கை ரெண்டும் பத்தாது. பக்கத்துலே ஒரு பிள்ளை உக்காந்துண்டு வலது கையாலே கரை நாடா போடணும். காலையிலேருந்து அந்தக் கையை எடுக்க முடியாது. சும்மா இருக்கிறது இடது கைதான். கோர்வை இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மத்யானம் பள்ளிக்கூடம் வந்தது, வலது கையாலே எழுதித்து. வர முடியாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இந்த ஜன்னலுக்கு வந்தது. தன் பெண்ணை ஸ்கேலாலே தட்டினவர் இங்கே தட்டலே. தட்டினா சேலையிலே நூல் அறும்."

பாஷ்யம் இன்னொரு சிமிட்டா பொடி போட்டுத் தும்மினார். "அப்போ அந்தப் பாதி ஆஜர்?"

"வீடு வீடா பார்த்துப் பார்த்துப் போட்டுண்டு வந்திருக்கார். இந்த வீட்டோட நின்னுது. மிச்சப் பேரெல்லாம் இதுக்கு அப்புறம் இருக்கிற வீடுகளா இருக்கும். முதலியாரைக் கேளும்."

"ஆமா சாமி. எங்க வூட்ட முடிச்சிட்டு அடுத்து அவர் போறது சந்துக்கு அந்தாண்ட வூடு" என்றார் முதலியார்.

"ஏன் ஓய்!" என்று பாஷ்யம் முதலியார்மேல் பாய்ந்தார். "இதை முன்னாடியே ஏன் சொல்லலே?"

"பொண்ணு பள்ளிக்கூடம் போச்சான்னு கேட்டீங்க. போவல. பள்ளிக்கூடம் வந்துச்சான்னு நீங்க கேக்கலியே சாமி."

"குடையை ஏன் திருப்பிக் குடுக்கலே?"

"அதுவா? மொத மொத வாத்தியார் வந்து நின்னப்ப, வெயில் பட்டா சேலை வெளுத்துடும், ஜன்னலைச் சாத்தப் போறேன்னேன். குடையை இப்படிக் கட்டிடறேன், நானும் நின்னுக்கறேன்னாரு. அன்னியிலேர்ந்து அது எங்க ஜன்னல்ல நிக்கும், இங்க முடிஞ்சா அடுத்த வூட்டுக்கு எடுத்துனு போவாரு. சேலைக்கு வெளுக்க வேண்டியது குடைக்கு வெளுத்துச்சு." முதலியார் பெண்ணைக் காட்டினார். "அவர் போனப்புறம் அவுக்கலாம்னு பாத்தேன். இது நாடாவத் தொட மாட்டேன்னு ஒக்காந்துக்கிச்சு. முகூர்த்தச் சேலை, என்னா பண்றது? வுட்டுட்டேன்."

தணிகாசலம் கூடத்து மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஈரத் துணி சுற்றிய பெரிய பானை, மேலே கவிழ்த்த சொம்பு. "முதலியாரே, தண்ணி இங்கியே கீதே. அந்தாளு ஏன் தெருமுனைக் குழாய்க்குப் போவணும்?"

அதுவரைக்கும் நிற்காத நாடா நின்றது.

"அவர் கேக்கல" என்றார் முதலியார். தறிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவர் எப்பவும் கேட்டதில்ல."

தணிகாசலம் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டான்.

பாஷ்யம் ரிப்போர்ட்டை அந்தக் கூடத்திலேயே, பாவு சுற்றும் பலகைமேல் வைத்து எழுதினார். எழுதியதைச் சத்தமாகவும் படித்தார், யாரும் கேட்காமலேயே. பதிவேட்டில் உள்ள வருகை பொய்யல்ல. ஆனால் அது கட்டிடத்தில் நிகழ்ந்தது என்றும் சொல்வதற்கில்லை. ஜன்னலுக்கு விதிகளில் இடம் இருக்கிறதா என்று மேலிடத்தைக் கேட்டிருப்பதால், பதில் வரும்வரை அங்கீகாரம் நீடிக்கலாம்.

"மேலிடம் எப்போ பதில் போடும்?" என்றார் சக்ரவர்த்தி.

"நான் சர்வீசில் சேர்ந்த வருஷம் ஒண்ணு கேட்டேன். இன்னும் வரலை" என்று சொல்லிவிட்டு பாஷ்யம் முகத்தை மாற்றாமல் ஜட்காவில் ஏறினார்.

ஜெயம்மாள் கட்டுரையைப் பையிலிருந்து எடுத்து, சிவப்பு மைக்குக் கீழே பென்சிலை வைத்தாள். "ஆதாரம்னு என்னன்னு எழுதறது ஐயா?"

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து சக்ரவர்த்தி சொன்னார்: "நீ நிக்கிற எடத்தை எழுது. பார்த்ததை எழுது. சந்தேகம்னா துரைசானியை வந்து நிக்கச் சொல்லு. நிழல் இருக்கு."

அவள் அங்கேயே நின்று எழுதினாள். நாடா மறுபடியும் ஓடத் தொடங்கியது. எழுதி முடித்ததும் முதலியார் உள்ளேயிருந்து, "உங்கப்பா குடைம்மா. வேணும்னா அவுத்துனு போ" என்றார். அந்தப் பெண் வலது கையில் நாடாவோடு அசையாமல் பார்த்தது.

ஜெயம்மாள் கம்பி வழியாகக் கையை நீட்டினாள். "பலகையைக் குடு, பாக்கறேன்."

ஏழாம் வாய்ப்பாட்டை மேலிருந்து கீழே பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. திருப்பிக் கொடுத்தாள். "சரியா இருக்குது. அழிச்சிட்டு எட்டாவது எழுது."

பலகையை அழிக்கும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் நாடா ஓடியது.

கறுப்பு நூல்கண்டு அவள் பையிலேயே இருந்தது. அப்பா போன அன்று சாயந்திரம், ஏன் என்று தெரியாமல், யாரையோ அனுப்பி வாங்கி வைத்தது. அதை வெளியே எடுக்கவில்லை. குடையை அவிழ்க்கவுமில்லை. கிளம்புமுன் எட்டி, அந்த ஒரு கம்பி முனையை மட்டும் இழுத்துப் பார்த்தாள்.

நீல நூல் தையல் விடவில்லை.